யூபிலியும் இருநூறு வருடக் கணக்கும்

2023ஆம் ஆண்டு முழுவதும் மலையகத்தின் சுவரொட்டிகளிலும் பதாகைகளிலும் ஒரு பெயரும் ஓர் எண்ணும் சேர்ந்து நின்றன: மலையகம் 200. இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நம் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்து இருநூறு வருடம் என்பது அதன் பொருள். அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன சொல்லை வைப்பது என்பதில் நம்மிடையே கடைசிவரை உடன்பாடு ஏற்படவில்லை. பாடசாலைக்கு நூற்றாண்டு விழா, சங்கத்துக்குப் பொன்விழா, கோயிலுக்குக் கும்பாபிஷேகம் என்று யோசிக்காமல் எழுதிப் பழகிய கைகள் இருநூறு என்ற எண்ணுக்கு முன்னால் தயங்கின. சில மேடைகளில் விழா என்றார்கள். சில இடங்களில் நினைவு என்றார்கள். இருநூறு வருடம் லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை அறைகளில்) கிடந்ததற்கு விழா எதற்கு என்று இளைஞர்கள் கேட்டார்கள், அது நியாயமான கேள்வி. ஆனால் நினைவு என்ற சொல்லையும் என்னால் ஏற்க முடியவில்லை. நம் வழக்கில் நினைவு நாள் என்பது காலமானவர்களுக்கு உரியது. நாமோ இருக்கிறோம், கொழுந்து பறிக்கிறோம், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம், வாக்களிக்கிறோம். இருக்கிறவர்களின் இருநூறு வருடத்துக்கு என்ன பெயர் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

அந்த ஆண்டில் இரண்டு கணக்குகள் ஒரே நாட்காட்டியில் வந்து விழுந்தன என்பதையும் சொல்ல வேண்டும். பெப்ரவரி 4ஆம் திகதி நாடு தன் சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டைக் கொண்டாடியது. ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம், நம் முன்னோர் காட்டுவழியே நடந்த திசையைப் பின்பற்றி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை வந்தடைந்தது. நவம்பரில் கொழும்பு சுகததாச உள்ளக அரங்கில் ‘நாம் 200’ என்ற பெயரில் அரச நிகழ்வு நடந்தது. முதலாவது கணக்கில் நாடு எவ்வளவு காலம் சுதந்திரமாக இருந்தது என்று எண்ணினார்கள். அதே 75 ஆண்டுகளுக்கு முன்புதான், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. ஒரே எண்ணுக்குள் ஒருவருக்குக் கொண்டாட்டமும் இன்னொருவருக்கு இழப்பும் இருக்குமானால், எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் போவது போதாது.

பவளமா, வைரமா

இந்தக் கேள்வி மீண்டும் என் மேசைக்கு வந்தது நான் கற்பித்த ஒரு பாடசாலையின் வழியாக. அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 1950இல் தொடங்கிய பாடசாலை அது. பழைய மாணவர் சங்கத்தினர் 75ஆம் ஆண்டுக்கு விழா எடுக்கத் தீர்மானித்து, மலர்க்குழுவில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். முதல் கூட்டத்தின் பெரும்பகுதி அழைப்பிதழின் தலைப்பிலேயே கழிந்தது. ஒருவர் வைர விழா என்று எழுத வேண்டும் என்றார், இன்னொருவர் பவள விழா என்றார், மூன்றாமவர் எதற்கு வம்பு, பிளட்டினம் என்று போடுவோம் என்றார்.

அந்தக் குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. 25க்கு வெள்ளியும் 50க்குப் பொன்னும் ஐரோப்பாவின் திருமண வழக்கங்களிலிருந்து கிளம்பி, அரசர்களின் ஆட்சிக் காலத்துக்கும் பிறகு நிறுவனங்களுக்கும் பரவியவை. வைரத்தை முதலில் 75க்கே வைத்திருந்தார்கள். விக்டோரியா மகாராணி ஆட்சியேறி 60 ஆண்டு நிறைந்ததை 1897இல் வைர யூபிலியாகக் கொண்டாடிய பிறகு வைரம் 60க்கு இறங்கியது. பின்பு அவருடைய வழிவந்த இரண்டாம் எலிசபெத் 2022இல் 70 ஆண்டைக் கண்டபோது அதற்குப் பிளட்டினம் வந்து சேர்ந்தது. தமிழில் 75க்குப் பவளத்தை வைத்தோம். ஆங்கிலேயரின் திருமண ஆண்டுப் பட்டியலில் பவளம் 35ஆம் ஆண்டுக்கு உரியது, ஆகவே 75க்குப் பவளம் என்பது நாமே ஏற்படுத்திக்கொண்ட வரிசை. இந்தியா தன் 75ஐ அமுதப் பெருவிழா என்று அழைத்ததும் இதே போன்ற முயற்சிதான். 150க்கும் 200க்கும் நம்மிடம் கல்லும் இல்லை, உலோகமும் இல்லை. 2017இல் இலங்கைத் தேயிலையின் 150ஆம் ஆண்டு வந்தபோது வெறும் எண்ணையே எழுதினார்கள், 2023இலும் அதுவே நடந்தது.

பவளம் என்று எழுதலாம் என்று கூட்டத்தில் நானும் சொன்னேன், அது சரியான வழக்கும்கூட. ஆயினும் வீடு திரும்பும் வழியில் மனம் ஒப்பவில்லை. வெள்ளியும் பொன்னும் பவளமும் நீளத்தை மட்டுமே அளக்கின்றன. ஒரு நிறுவனம் எத்தனை வருடம் இருந்தது என்று சொல்லுமே தவிர, அந்த வருடங்களில் அதற்குள் இருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது, அவர்களிடமிருந்து என்ன போனது என்று அந்த வரிசை கேட்பதில்லை. அரசி ஒருத்தி 60 வருடம் அரியணையில் இருந்தாள் என்பதற்கு ஏற்பட்ட அளவுகோலை, அவளுடைய கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கும் அப்படியே பிடிக்கிறோம்.

ஆலயத்தில் ஒரு பாட்டி கேட்டது

2025 கத்தோலிக்கருக்கு யூபிலி ஆண்டு. 1300இல் எட்டாம் பொனிப்பாஸ் பாப்பரசர் தொடங்கிவைத்த வழக்கம் அது. நூறு ஆண்டுக்கு ஒருமுறை என்று இருந்ததைப் பின்னால் ஐம்பதாகக் குறைத்தார்கள். 1470இல் இரண்டாம் பவுல் பாப்பரசர், ஒரு தலைமுறையும் விடுபடக்கூடாது என்ற எண்ணத்தில் 25 ஆண்டுக்கு ஒருமுறை என்று விதித்தார். நான் கத்தோலிக்கன் அல்லன். பழைய மாணவர்களில் ஒருவர் தன் தோட்டத்துச் சிற்றாலயத்தில் யூபிலித் திருப்பலி நடக்கிறது, மலருக்குப் புகைப்படம் கிடைக்கும் என்று அழைத்ததால் போயிருந்தேன்.

தகரக் கூரை வேய்ந்த ஆலயம். பழைய தொழிற்சாலைக் களஞ்சியத்தைத் திருத்திக் கட்டியிருந்தார்கள். பெண்கள் வலப்பக்கம் பாயில் அமர்ந்திருந்தார்கள், பலருடைய விரல் நுனிகளில் கொழுந்துக் கறை கறுத்துப் படிந்திருந்தது. குருவானவர் இளைஞர், மலையகத்துப் பிள்ளை. யூபிலி என்ற சொல் எபிரேய மொழியில் ஆட்டுக்கடாவின் கொம்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்றும், ஐம்பதாம் ஆண்டு பிறக்கும்போது அந்தக் கொம்பை ஊதுவார்கள் என்றும் தொடங்கினார். பிறகு அழகாக எளிமைப்படுத்திச் சொன்னார்: அந்த வருடத்தில் கடனுக்காக விற்ற காணி விற்றவனுக்கே திரும்பி வரும், கடனுக்காகக் கூலியாய்ப் போனவன் பிள்ளை குட்டிகளோடு தன் வீட்டுக்குத் திரும்புவான். காணி என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததும் ஆலயம் அசைந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். பழைய தமிழ் வேதாகமத்திலும் அந்த இடத்தில் காணியாட்சி என்ற சொல்லே இருக்கிறது. தோட்டத்தில் காணி என்ற சொல்லைக் கேட்டால் நிமிராதவர் யாரும் இல்லை.

திருப்பலி முடிந்து வாசலில் பிளேன்டீயும் பனிசும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பென்ஷன் வயதைக் கடந்த ஒரு பாட்டி குருவானவரிடம் வந்தார்.

“சாமி, காணி திரும்பி வரும்னு சொன்னீங்களே, அது யாருக்கு?”

“விற்றவங்களுக்குப் பாட்டி. முன்னாடி யாருக்குச் சொந்தமா இருந்துச்சோ அவங்களுக்கு.”

“அப்ப முன்னாடி இருந்திருக்கணுமே. எங்க தாத்தாவுக்கு அங்கயும் இல்ல, அதான் இங்க வந்தாரு. எங்களுக்கு இங்கயும் இல்ல. இல்லாதவங்களுக்கு என்னா சாமி திரும்பி வரும்?”

அவர் கோபத்தோடு கேட்கவில்லை. கணக்கப்பிள்ளை பேர் போடும்போது (நாள் வேலையைப் பதியும்போது) அரைப்பேர் (அரைநாள் வேலை) ஆகிவிட்டதா என்று விசாரிப்பது போன்ற நிதானத்தோடுதான் கேட்டார். குருவானவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அது நல்ல கேள்வி, நான் யோசித்துச் சொல்கிறேன் பாட்டி என்றார். மழுப்பாமல் அவர் சொன்ன அந்தப் பதிலை நான் மதிக்கிறேன்.

அந்த அதிகாரத்தை முழுதாக வாசித்தபோது

அன்றிரவே, யூபிலிச் சட்டம் வரும் இடமான வேதாகமத்தின் லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். நான் எதிர்பார்த்ததைவிட அது மிகவும் நடைமுறையான சட்டம். ஏழு ஏழு வருடமாக ஏழு முறை எண்ணி, நாற்பத்தொன்பது கழிந்து வருவதே ஐம்பதாம் ஆண்டு. காணியை விற்கிறவன் உண்மையில் நிலத்தை விற்பதில்லை, அடுத்த யூபிலி வரை எத்தனை விளைச்சல் எடுக்கலாமோ அந்த விளைச்சல்களையே விற்கிறான். யூபிலிக்கு அதிக வருடம் இருந்தால் விலை கூட, குறைந்த வருடம் இருந்தால் விலை குறைவு. மதில் சூழ்ந்த நகரத்து வீட்டை விற்றால் ஒரு வருடத்துக்குள் மீட்க வேண்டும், தவறினால் போனது போனதுதான். மதில் இல்லாத கிராமத்து வீடோ நிலத்தோடு சேர்த்து எண்ணப்பட்டு யூபிலியில் திரும்பி வந்துவிடும். குடியிருப்பு நிலத்தின் பகுதி என்று ஆயிரக்கணக்கான வருடப் பழமையுள்ள ஒரு மரபு கண்டுகொண்டதை, லயத்துக் காம்பராவில் நான்கு தலைமுறை இருந்தவர்களுக்கு நம் நாட்டுத் தோட்டச் சட்டங்கள் ஒருபோதும் சொல்லவில்லை. வேலை இருந்தால் காம்பரா, வேலை போனால் காம்பராவும் போகும் என்பதே நம் பெற்றோர் அறிந்த சட்டம்.

இன்னொரு செய்தி, விழாவா நினைவா என்ற பழைய வாதத்துக்கு நேராகவே பதில் சொல்வதாக எனக்குப் பட்டது. அந்தக் கொம்பு எந்த நாளில் ஊதப்படுகிறது என்று பாருங்கள். ஏழாம் மாதம் பத்தாம் திகதி, பாவ நிவாரண நாளில். அது நோன்பின் நாள், செய்த தவறுகளுக்குப் பிராயச்சித்தம் தேடும் நாள். யூபிலி மகிழ்ச்சியான வருடம்தான், ஆனால் அதன் வாசல் குற்றத்தை ஒப்புக்கொள்வதில் இருக்கிறது. யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று சொல்லாமல் கொம்பை ஊத முடியாது. 2023இன் மேடைகளில் நம்மைப் பாராட்டிய உரைகளைக் கேட்டபோது எனக்குள் இருந்த மனக்குறைக்கு அப்போதுதான் காரணம் புரிந்தது. நம் உழைப்பை வாழ்த்தினார்கள். 1948ஐப் பற்றி முழு வாயால் பேசியவர்கள் குறைவு.

ஆனால் அந்த அதிகாரம் அதோடு முடியவில்லை. பாட்டியின் கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது. 23ஆம் வசனத்தில் கடவுள் நிலம் என்னுடையது, நீங்களெல்லாரும் என்னிடத்தில் பரதேசிகளும் புறக்குடிகளுமாகவே இருக்கிறீர்கள் என்கிறார். படித்தவுடன் மனம் நிறைந்தது. எல்லாரும் வந்தவர்கள்தான், யாரும் நிலத்துக்கு நிரந்தர முதலாளி இல்லை என்பதைவிட நமக்கு வேறென்ன ஆறுதல் வேண்டும்? அடுத்த பக்கத்துக்குப் போனால், 44 முதல் 46 வரையுள்ள வசனங்களில், சொந்தச் சகோதரனை அடிமையாக வைத்திருக்கக் கூடாது, அவன் யூபிலியில் விடுதலையாக வேண்டும், ஆனால் சுற்றியுள்ள அந்நிய சாதிகளிலிருந்து வாங்கப்பட்டவர்களையும், உங்களிடையே வந்து குடியிருக்கும் பரதேசிகளின் பிள்ளைகளையும் நிரந்தரச் சொத்தாக வைத்துக்கொள்ளலாம், உங்கள் பிள்ளைகளுக்கும் சுதந்தரமாக, அதாவது பரம்பரைச் சொத்தாகக் கொடுக்கலாம் என்று இருக்கிறது. அவர்களுக்காகக் கொம்பு ஊதப்படுவதில்லை. ஐம்பது வருடம் எத்தனை முறை வந்து போனாலும் அவர்களுடைய கணக்கில் அது ஏறுவதில்லை.

இதைப் பழிக்காக எழுதவில்லை. ஒரு பழைய சட்டம் தன் காலத்தின் எல்லைக்குள் நின்றது. அந்த எல்லையை அவ்வளவு தெளிவாக எழுதி வைத்ததால்தான், இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இன்னொரு சட்டத்தையும் என்னால் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் நாடாளுமன்றம் போனார்கள். அடுத்த வருடமே, இலங்கையில் பிறந்த ஒருவரும்கூடத் தன் தந்தை இங்கு பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்றோ நிரூபித்தாலன்றிப் பிரஜையாக முடியாது என்று சட்டம் வந்தது. லயத்தில் பிறந்தவனின் பாட்டனுக்கு ஏது பிறப்புச் சான்றிதழ்? 1949இல் வாக்குரிமையும் போனது. சகோதரன் யார், பரதேசி யார் என்று முதலில் ஒரு கோடு போட்டுவிட்டு, அதற்குப் பிறகு சகோதரர்களுக்கு மட்டும் சுதந்திரத்தின் ஆண்டுகளை எண்ணுவது என்ற முறை எந்தக் காலத்திலும் மாறவில்லை.

நிலத்தின் கதையும் அப்படியே. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைக்காரக் கம்பனிகளிடமிருந்து நிலம் நாட்டுக்குத் திரும்பி வந்தது என்று சொல்லப்பட்டது, அது ஒரு வகையில் யூபிலிதான். ஆனால் தோட்டக் காணிகளைப் பிரித்து வெளியாருக்கு வழங்க முற்பட்டபோது, 1977 மே 11ஆம் திகதி, தலவாக்கலைக்கு அருகே டெவன் தோட்டத்தில் எதிர்த்து நின்றவர்கள்மீது பொலிசார் சுட்டார்கள், அவர்களில் ஒருவரான சிவனு லெட்சுமணன் உயிரிழந்தார். நிலம் திரும்பி வரும்போதெல்லாம் அது நம்மைத் தாண்டியே போனது. இப்போது தனி வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ் என்று பேசுகிறோம். ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் முதன்முதலாகத் தேயிலை நட்ட 19 ஏக்கரை மட்டும் ஏழு பேர்ச்சஸ் வீதம் பிரித்தால் 434 குடும்பங்களுக்கு வீட்டுக் காணி கிடைக்கும். அந்த 19 ஏக்கரும் நம்மவர் கைகளாலேயே வெட்டித் திருத்தப்பட்டவை.

ஆகவே பாட்டி சொன்னதுதான் சரி. யூபிலி என்றால் திரும்பி வருதல். நமக்குத் திரும்பி வர எதுவும் இல்லை, முதன்முதலாக வரவேண்டியதே இருக்கிறது.

நம்மிடம் இருக்கும் கணக்கு

வேறொரு மரபின் சொல்லில் இவ்வளவு நேரம் நின்றுவிட்டேன். நம்மிடமும் பெரிய வருடங்களை எண்ணும் முறை ஒன்று இருக்கிறது. பிரபவ தொடங்கி அட்சய வரை 60 வருடங்கள், பிறகு மறுபடியும் பிரபவ. ஒருவர் பிறந்த வருடத்தின் பெயர் அவருடைய அறுபதில் திரும்பி வருகிறது, அதனால்தான் அறுபதாம் கல்யாணம் செய்கிறோம், மணிவிழா என்கிறோம். அந்தக் கணக்கில் உலோகம் எதுவும் இல்லை. பெயர் ஒன்று திரும்பி வந்து, அறுபது வருடத்துக்கு முன்பு இதே பெயரில் நீ எப்படி இருந்தாய், இப்போது எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறது.

பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு நம் வருடங்களை அந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியில் கோப்பித் தோட்டம் போட்டதாகச் சொல்லப்படும், மலையகம் 200இன் தொடக்கமாக நாம் கொண்ட 1823ஆம் ஆண்டின் சித்திரையில் பிறந்தது சுபானு. மூன்று அறுபதுகள் கடந்து, 180 வருடம் கழித்துச் சுபானு மறுபடியும் வந்தது 2003இல். அந்தச் சுபானுவில்தான் இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர்களும் அவர்களுடைய வழிவந்தவர்களும் பிரஜைகளாகலாம் என்றது அந்தச் சட்டம். அந்தத் திகதி நமக்கு மனப்பாடம். இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது, குரோதி வருடம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இரண்டு தலைநகரங்கள் நம்மைப் பங்கிட்டன. மீதியையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. அந்தக் குரோதி 2024 சித்திரையில் திரும்பி வந்தது. ஒப்பந்தத்துக்கு அறுபது நிறைந்த அந்த ஒக்டோபர் 30ஆம் திகதி, நானறிந்த எந்தத் தோட்டத்திலும் யாரும் எதுவும் செய்யவில்லை. 2023இன் பந்தல்களைக் கழற்றிய பிறகு எல்லாரும் களைத்துப் போயிருந்தோம்.

வருடப் பெயர்களுக்குள் விதி ஏதோ ஒளிந்திருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. சுபானு வந்ததால் பிரஜாவுரிமை வரவில்லை, கேட்டும் போராடியும் பேரம் பேசியும் வாக்குப் பலத்தாலும் அது வந்தது. ஆனால் எண்ணும் முறை ஒன்று இருந்தால் ஆறாத காயத்துக்கும் ஒரு நாள் கிடைக்கும். வெள்ளியும் பொன்னும் நல்ல தொடக்கங்களுக்கு மட்டுமே வருகின்றன, ஒப்பந்தம் ஒன்றுக்கு வைர விழா என்று யாரும் எழுத மாட்டார்கள். அறுபதின் கணக்கோ நல்லதையும் கெட்டதையும் பிரிக்காமல் எல்லாவற்றையும் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. 1948இன் சர்வதாரி 2008இல் வந்து போனதையும் நாம் கவனிக்கவில்லை.

இடாப்பு

மலருக்குத் தகவல் திரட்டப் பாடசாலையின் பழைய சேர்வு இடாப்புகளைக் கேட்டு வாங்கினேன். அதிபர் இரும்பு அலுமாரியிலிருந்து எடுத்துத் தந்தார். முதுகு தைக்கப்பட்ட நீளப் புத்தகங்கள், மூலைகளைக் கரையான் தின்றிருந்தது. சேர்வு இலக்கம், பெயர், பிறந்த திகதி, தந்தையின் பெயர், முகவரி, விலகிய திகதி, விலகிய காரணம் என்று நிரல்கள். முகவரி நிரலில் வீட்டு இலக்கமோ வீதியோ கிடையாது. மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு, புதுமலை என்று பிரிவின் பெயர் மட்டும் இருக்கும். எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து கடைசி நிரலில் ‘இந்தியா’ என்ற சொல் வரத் தொடங்குகிறது. முதலில் ஒரு பக்கத்தில் ஒன்றிரண்டு. பிறகு ஒரு பக்கத்தில் மேலே ஓரிடத்தில் ‘இந்தியா’ என்று எழுதிவிட்டு, கீழே வரிசையாக மேற்படி, மேற்படி, மேற்படி என்று அதே கையெழுத்து இறங்கிக்கொண்டே போகிறது. எழுதிய ஆசிரியருக்கு நாட்டின் பெயரை முழுதாக எழுத நேரம் இருக்கவில்லை, அவ்வளவு பேர் ஒரே வாரத்தில் போயிருக்கிறார்கள். ஒரே தந்தையின் பெயருக்கு நேரே இரண்டு பிள்ளைகள், மூத்தவளுக்கு ‘மேற்படி’, இளையவனுக்கு அந்த நிரல் வெறுமையாக இருக்கிறது. அந்த வீட்டில் என்ன நடந்தது என்று இடாப்பு சொல்லாது.

யூபிலியின் சட்டத்தில் காணி திரும்புவதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் இருக்கிறது: ஒவ்வொருவனும் தன் குடும்பத்தாரிடம் திரும்பிப் போவான். காணியைப் பொறுத்தவரை பாட்டியின் பேச்சுக்கு என்னிடம் மறுபேச்சு இல்லை. ஆனால் குடும்பம் நம்மிடம் இருந்தது. அது நம்மிடமிருந்து எடுக்கப்பட்டது. கூடலூரிலும் கோத்தகிரியிலும், தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாடு அரசு போட்ட தேயிலைத் தோட்டங்களிலும் நம் இடாப்புகளின் பெயர்கள் முதுமையடைந்துகொண்டிருக்கின்றன. இந்த ஒன்றை மட்டுமாவது திரும்பி வருதல் என்ற சொல்லின் கீழ் நாம் கேட்க முடியும், செய்யவும் முடியும் என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த கூட்டத்தில் நான் இரண்டு விஷயங்களைச் சொன்னேன். முதலாவது, அழைப்பிதழில் பவள விழா என்று இருக்கட்டும், அதில் பிழை இல்லை, ஆனால் மலரின் அட்டையில் யூபிலி மலர் என்று போட வேண்டும். யூபிலி என்றால் என்னவென்று முதல் கட்டுரையில் நான் விளக்கி எழுதுகிறேன், கொம்பு ஊதும் நாளையும், 44ஆம் வசனத்தையும், பாட்டியின் கேள்வியையும் விடாமல் எழுதுகிறேன் என்றேன். இரண்டாவது, ஆசிச் செய்திகளுக்கு முன்னால், இடாப்பில் ‘இந்தியா’ என்றும் ‘மேற்படி’ என்றும் இருக்கும் எல்லாப் பெயர்களையும் தந்தையின் பெயரோடும் பிரிவின் பெயரோடும் அச்சிட வேண்டும். மேற்படி என்று வரும் இடங்களில் இந்தியா என்று முழுதாக எழுத வேண்டும்.

முதலாவதைப் பற்றி நீண்ட நேரம் பேசினோம். கிறிஸ்தவச் சொல் எதற்கு என்று ஒருவர் கேட்டார். பாடசாலையில் எல்லாச் சமயப் பிள்ளைகளும் படிக்கிறார்கள், அவருடைய தயக்கத்தில் தவறில்லை. அந்தச் சொல் யாருடையது என்பதைவிட அது என்ன கேட்கிறது என்பதே எனக்கு முக்கியம் என்றேன். காணி கேட்கிற சொல் வேறு எதுவும் நம் விழா அகராதியில் இல்லை. அட்டை இன்னும் முடிவாகவில்லை. இரண்டாவதற்கு ஒருவரும் எதிர்ப்புச் சொல்லவில்லை. ஆசிச் செய்திகளைப் பின்னால் தள்ளினால் அனுப்பியவர்கள் கோபிப்பார்களே என்று தலைவர் மட்டும் கவலைப்பட்டார், பிறகு அவரே பரவாயில்லை என்றார்.

பெயர்களைத் தட்டச்சு செய்ய உயர்தர மாணவிகள் இருவர் முன்வந்தார்கள். அவர்களில் ஒருத்தி முதல் நாளே நிமிர்ந்து கேட்டாள்: “சார், விலகிய காரணத்துல இந்தியான்னு போட்டிருக்கே, இவங்க விலகினாங்களா, விலக்கினாங்களா? அச்சுல எப்படிப் போடுறது?” நிரலின் தலைப்பை இடாப்பில் உள்ளபடியே விட்டுவிட்டு, அவளுடைய கேள்வியை அந்தப் பக்கத்தின் அடியில் அவள் பெயரோடு சேர்த்து அச்சிடுவோம் என்று சொல்லியிருக்கிறேன். பட்டியலின் படியைக் கூடலூரிலுள்ள பழைய மாணவர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறோம். அவர் இதுவரை நான்கு பேரைக் கண்டுபிடித்துவிட்டார். விழாத் திகதி முடிவானால் விசா எடுக்க எத்தனை நாளாகும், வந்தால் எங்கே தங்குவது என்று கேட்டிருக்கிறார். கீழ்ப்பிரிவில் தன் தாய்மாமன் மகன் இன்னும் இருக்கிறாரா என்றும் கேட்டிருக்கிறார், இருக்கிறார் என்று பதில் போட்டோம்.